வாசனை பார்த்த பண்டம்

என் மாமியார் ஸத்யபாமா எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். "உனக்கு எதுக்கும்மா சிரமம்?" என்பார். காய் நறுக்கட்டுமா என்று கேட்டால் எதுக்கும்மா சிரமம். பால் காய்ச்சட்டுமா என்றால் எதுக்கும்மா சிரமம். திருப்பதியில் இந்த ஃபிளாட்டுக்கு மருமகளாக வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் என் கை அவர்கள் அடுப்பைத் தொட்டதில்லை. ஒருத்தியைச் சமையலறை வாசலிலேயே நிறுத்தி வைப்பதற்கு இவ்வளவு மரியாதையான வார்த்தையை வேறு யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கோவில் கைங்கர்யம் செய்த ஐயங்கார் குடும்பம். நான் புத்தலப்பட்டுப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் முனிகிருஷ்ணனின் மகள் கீர்த்தி. ரகுநந்தனும் நானும் ஒரே காலேஜில் படித்தோம், கல்யாணம் செய்துகொள்கிறோம் என்றோம். என் நைனா ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். இவன் அப்பா அம்மாவும் சரி என்றார்கள், பல் பிடுங்கிக்கொள்ளச் சம்மதிக்கிற மாதிரி.

இந்த வீட்டில் பெருமாளுக்குக் காட்டாத எதையும் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். காட்டுவதற்கு முன்னால் உப்பு பார்க்கக் கூடாது, மோந்து பார்க்கவும் கூடாது. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெருமாள் எனக்கு என்ன கெடுதல் செய்தார்? ஆனால் துணி துவைக்கிற வேலை என்னுடையது. அதற்கு மட்டும் என் கை ஆகுமாம். காலையில் வாக்கிங் போய்வரும் மாமனார் யதிராஜனின் சட்டைப் பையைத் திருப்பினால் பேக்கரி வெண்ணெய் பிஸ்கட் தூள் கொட்டும். அந்த பிஸ்கட்டைச் சுட்டவன் யார், எந்த ஜாதி, எந்தப் பெருமாளுக்குக் காட்டினான் என்று அவர் ஒரு நாளாவது விசாரித்திருப்பாரா என்ன?

நைனா வாராவாரம் போன் செய்வார். பேச்சை எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார். "அடுப்பாண்ட எல்லாம் உன்ன உடறாங்களாம்மா?"

"உடறதா? சமையலே நான்தான் நைனா."

ஆரம்பித்த பொய்யை அத்தோடு விட்டிருக்கலாம். என் ரசம் இல்லாமல் மாமனாருக்குச் சோறே இறங்காது என்று வேறு சொல்லி வைத்தேன். மாங்காய் சீசன் வந்ததும் நைனா, "பழம் எடுத்துகினு ஞாயித்துக்கெழம வர்றேன். உன் கையால ஒரு வாய் துன்னுட்டு வந்துடறேன்" என்றார்.

ரகுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் பேசிக்கறேன்" என்றான். என் கணவனுக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை அது. பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன், அங்கே மேனேஜரையே எதிர்த்துப் பேசுவான், காதால் கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் பேசப் போனால் மட்டும் தொண்டை கட்டிக்கொள்ளும். போனவன் திரும்பி வந்து ஒரு யோசனை சொன்னான். "கிச்சன் வேணாம். பால்கனியில உன் ஓவன் இருக்கே, அதுல ஒரு ஸ்வீட் பண்ணு. முட்டை போடாதே. தளிகையோட சேர்த்து அம்மா பெருமாளுக்குக் காட்டிடுவா. அப்புறம் எல்லாரும் சாப்பிடலாம்."

"சாப்பிடலன்னா?"

"நான் உங்க நைனா பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுவேன். ப்ராமிஸ்."

அந்த ஓவன் என் கல்யாணத்துக்குச் சிநேகிதிகள் வாங்கிக் கொடுத்தது. பெட்டி பிரிக்காமல் வந்ததைக்கூட மாமியார் உள்ளே விடவில்லை, "எது எது வேகுமோ" என்று பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிவிட்டார். நானும் அதுவும் ஒரே ஜாதி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நைனா ஒரு கூடை பேனிஷாவோடு வந்து இறங்கினார். பங்கனபள்ளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வைக்கோலை விலக்கியதும் ஹால் முழுக்க மணம். யதிராஜன் நாற்காலியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். ஒரு பழத்தை எடுத்தார், காம்புப் பக்கம் மூக்கை வைத்தார், கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

"பேஷ்! என்ன வாசனை! உங்க தோப்பா, முனிகிருஷ்ணன்?"

"ஆமா சாமி. நம்மள்துதான்."

மாமியார் அந்தப் பழத்தையும் சேர்த்து நான்கைத் தட்டில் அடுக்கிப் பெருமாளுக்குக் காட்டினார். பிறகு இருவரும் முழங்கை வரை சாறு வழிய உறிஞ்சினார்கள். நைனா வாசல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் குளித்துவிட்டுப் பால்கனிக்குப் போனேன். பழத்தைத் தோல் சீவித் துண்டு போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, சுக்குப்பொடியும் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரையும் தூவிக் கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்பினேன். மேலே போடுகிற மாவுதான் இதில் விஷயம். மைதாவில் குளிர்ந்த வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால் உதிர்க்க வேண்டும், புட்டு மாவு போல. கை சூட்டில் வெண்ணெய் உருகிவிட்டால் மொறுமொறுப்பு வராது. அதில் வறுத்த வேர்க்கடலையையும் முந்திரியையும் ஒன்றிரண்டாகத் தட்டிக் கலந்தேன். கடலையும் எங்கள் கொல்லையில் விளைந்ததுதான். ருசி பார்க்கவில்லை. அவர்கள் சட்டத்தை அவர்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

ஓவனுக்குள் ஓரங்களில் பழச்சாறு கொப்பளிக்க ஆரம்பித்ததும் வாசனை கிளம்பியது. வெண்ணெயும் கடலையும் மாம்பழமும் ஒன்றாகச் சூடேறுகிற வாசனை. மாமியார் கையில் கரண்டியோடு பால்கனிக் கதவு வரை வந்துவிட்டார்.

"என்ன மணம்டீ இது! நெய்யப்பம் பண்ணினாப்ல! கீழ் வீட்டுக்காரா எல்லாம் வந்துடப் போறா!"

டீ என்று என்னை அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மகளைக் கூப்பிடுகிற மாதிரி. எனக்கு நெஞ்சே நிறைந்துவிட்டது. ஒரு டீக்கு இப்படிக் குளிர்ந்து போனேனே என்று இப்போது நினைத்தால் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

மேல்மாவு பொன்னிறமாகி வெடித்ததும் பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தேன். பெருமாள் அலமாரிக்கு முன்னால் சாதம், சாற்றமுது என்கிற ரசம், கறியமுது என்று அன்றைய தளிகை முழுக்கத் தயாராக இருந்தது. நைனா எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் குறுக்கே வந்தார்.

"அடடா, இதை எப்படிம்மா பெருமாளுக்குக் காட்டறது? எல்லாரும் வாசனை பார்த்தாச்சே. நானே வாய் விட்டுச் சொல்லிட்டேன். வாசனை பார்த்த பண்டம் ஆகாதே."

டீ போய் ம்மா வந்துவிட்டது. பெருமாளுக்குக் காட்டாததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். வாசனை பார்த்ததைப் பெருமாளுக்குக் காட்ட மாட்டார்கள். வாசனை வராமல் ஓவனில் எதையும் சுட முடியாது. என்ன ஒரு கச்சிதம்! எத்தனை தலைமுறையாக யோசித்தால் இப்படி ஒரு பூட்டு செய்ய முடியும்?

"காலையில மாமா பழத்தை மூக்குல வெச்சு இழுத்தாரே. அது மட்டும் எப்படி ஆச்சு?" என்றேன்.

மாமியார் மாமனாரைப் பார்த்தார். யதிராஜன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது வேற, கீர்த்தி. பழம் மரத்துலேர்ந்து நேரா வர்றது. அதை யாரும் பண்ணலை."

இத்தனை நாள் எதுக்கும்மா சிரமம் என்று துணி போட்டு மூடி வைத்திருந்ததை அவர் ஒரே வாக்கியத்தில் திறந்து காட்டிவிட்டார். பாத்திரத்தின் சூடு துணியைத் தாண்டி என் விரலைச் சுட்டது. ரகுவைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். புது டைல்ஸ்கூட இல்லை அது.

"மரம் நான் வெச்சது சாமி" என்றார் நைனா. கோபமாகச் சொல்லவில்லை, தகவல் சொல்வது போலத்தான் சொன்னார்.

சாப்பாடு ஆயிற்று. மாமியாரேதான் பரிமாறினார், நைனா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். இலையை எடுத்ததும், "எங்கம்மா, நீ செஞ்சத கொண்டா" என்றார்.

நான் கிண்ணத்தை மேஜையில் வைக்கப் போனேன். "பால்கனியிலே உட்கார்ந்துக்கலாமே, காத்தாட இருக்கும்" என்றார் மாமியார். மே மாத திருப்பதி வெயிலில் பால்கனியில் காற்றாம்.

போனோம். வாஷிங் மெஷினுக்கும் ஓவனுக்கும் நடுவில் நானும் நைனாவும் தரையில் உட்கார்ந்தோம். மூன்றாவதாக ஒரு கிண்ணம் எடுத்து வைத்தேன். ரகு போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம், ஆபீஸ் கால்" என்று படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கால். போன் ஒளிரக்கூட இல்லை.

நைனாவுக்குச் சர்க்கரை வியாதி. வாங்கி வாங்கிச் சாப்பிட்டார். மேல்மாவு அவர் பல்லில் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

"சாலு, போதும் நைனா. சுகர் ஏறிடப் போவுது."

"ஏறட்டும். கடல நல்லா முறுக்கா கீது. இத்த துன்ன இவங்களுக்குக் குடுத்து வைக்கல." கிண்ணத்தை வழித்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார். "ரசம் நல்லா இருந்திச்சி. ஆனா அது நீ வெச்ச ரசம் இல்லம்மா. உன் ரசம் எனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவமானத்தில் இல்லை. இந்தப் பொய்யை அவர் எப்போது கண்டுபிடித்திருப்பார், எத்தனை வாரம் தெரிந்தே போனில் கேட்டுக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்து அழுதேன்.

வெயில் தாழ்வதற்குள் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன். சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெறும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தார்.

"அடுத்த வாட்டி காயா கொண்டாறேன்மா. வாசன இல்லாததா பாத்து."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இவங்களுக்கு இனிமே மாங்கொட்டகூட கொண்டாராத நைனா" என்றேன். பஸ் நகர்ந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பியபோது மாமனார் மாமியார் அறைக் கதவு சாத்தியிருந்தது, தூங்கி எழுகிற நேரம். பால்கனியில் ஏதோ நொறுங்குகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஓவனுக்கு முன்னால் குத்துக்காலிட்டு ரகு உட்கார்ந்திருந்தான். மிச்சம் இருந்த பாத்திரம் மடியில், கையில் ஸ்பூன். மேல்மாவை மட்டும் சுரண்டிச் சுரண்டித் தின்று தீர்த்திருந்தான். பழம் மொட்டையாகக் கிடந்தது. ப்ராமிஸ் செய்த வாய் நிறையக் கடலை.

என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி முழித்தான். பிறகு சிரித்தான். சமாதானத்துக்கு வருகிறவன் குரலைத் தாழ்த்துவானே, அப்படித் தாழ்த்திக்கொண்டு, "செமயா இருக்குடி" என்று குசுகுசுத்தான்.

"சத்தமா சொல்லு" என்றேன்.

அவன் தலையைத் திருப்பி அவர்கள் அறைக் கதவைப் பார்த்தான். மெல்லுவது நின்றுவிட்டது. ஸ்பூனை ஓவனுக்குப் பின்னால் ஒளித்தான்.

இவனுக்காகவா நான் நைனாவிடம் அத்தனை பொய் சொன்னேன் என்று இருந்தது. இதற்கு மேல் இவனிடம் பேச என்ன இருக்கிறது? அவன் வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் போய், நானே அந்தக் கதவைத் தட்டினேன்.