பதினோரு மணிக்குப் பேச வேண்டியது

தம்பியின் வெள்ளைச் சட்டைக்கு அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் குளியலறையில் ஏதோ சரிந்து விழும் சத்தம் கேட்டது. வாளியைத் தட்டிவிட்டிருப்பான் என்று நினைத்தாள். “காலையிலேயே என்னடா?” என்றாள். குழாயில் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

எட்டே முக்காலுக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிட்டது. “வந்து சேரும்போதே நாடி இல்லம்மா,” என்றார் மருத்துவர். நாற்பத்தொரு வயது. லிஃப்ட் மெக்கானிக். பதினைந்து மாடி உயரத்தில் கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியபடி வேலை செய்பவன், வீட்டுக் குளியலறையில் வழுக்கிய மாதிரி விழுந்து போய்விட்டான்.

அக்காவுக்கு அழுகை வரவில்லை. நர்ஸ் கொடுத்த அவனுடைய துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது: பதினோரு மணி.

பதினோரு மணிக்கு அவன் சமரச மையத்தில் இருந்திருக்க வேண்டும். பதினாலு மாதமாகப் பிரிந்திருக்கும் மனைவியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, சேர்ந்து வாழ முடியுமா, முடியாதென்றால் மகள் எந்தெந்த நாள் யாரிடம் இருப்பாள் என்று பேசித் தீர்க்க வேண்டும். கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் அவனும் குதித்தான். வக்கீலம்மாதான் அவனை உட்கார வைத்தார். “கோர்ட்ல நான் பேசுவேன், நீங்க கேட்டுட்டு இருக்கலாம். அங்க நீங்கதான் பேசணும். பேசத் தெரியுமா உங்களுக்கு?”

அவனுக்குத் தெரியாது. அதனால் நாலு சனிக்கிழமை, மருந்துக்கடை மாடியில் இருந்த வக்கீலம்மாவின் அறையில் ஒத்திகை நடந்தது. எதிரே மனைவியின் இடத்தில் உட்கார ஓர் ஆள் தேவைப்பட்டது. “உங்க அக்காவே உக்காரட்டும். தம்பி பொண்டாட்டி மேல இவங்களுக்கு இருக்கற கோவத்துக்குப் பேச்சு தானா வரும்,” என்றார்.

முதல் வாரம் அக்கா கையை நீட்டி நீட்டி, வாய்க்கு வந்தபடியெல்லாம் கத்தினாள். வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். “இப்படிப் பேசற பொம்பளையோட உங்க தம்பி ஒரு வாரம் தாக்குப்பிடிச்சிருக்க மாட்டார். ஒன்பது வருஷம் இருந்திருக்கார். மறுபடி பேசுங்க.”

மூன்றாவது வாரம் எப்படியோ குரல் தாழ்ந்துவிட்டது. “அன்னிக்கு எனக்கு ரத்தம் போய்க்கிட்டே இருந்துச்சு. ஆறு தடவை போன் பண்ணேன். எங்க இருந்தீங்க?”

இரண்டாவது குழந்தை வயிற்றிலேயே கலைந்த நாள் அது. லிஃப்ட் குழிக்குள் சிக்னல் இல்லை என்று அவன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அக்கா நம்பினாள். நம்பாதவள் அவன் மனைவி ஒருத்திதான். அந்த ஒரு நாளையே பிடித்துக்கொண்டு அரற்றுகிறாள், அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னவள் இதே அக்காதான்.

தம்பி மேசையைப் பார்த்தபடி சொன்னான்: “போன் அடிச்சுது. பார்த்தேன். எடுக்கல. ஆனா…”

“அங்கேயே நிறுத்துங்க,” என்றார் வக்கீலம்மா. “‘ஆனா’ன்னு ஒரு வார்த்தை வந்துட்டா முன்னாடி சொன்னது அத்தனையும் அழிஞ்சிடும். உண்மையைச் சொல்லுங்க. தப்பு என்னுதுன்னு சொல்லுங்க. அப்புறம் வாயை மூடிட்டு அவங்க சொல்றதக் கேளுங்க.”

நாலாவது வாரம் தடுமாறாமல் சொல்லிவிட்டான். படியிறங்கும்போது, “நீ அவளை விட நல்லா அழறக்கா,” என்று கேலிகூடப் பண்ணினான்.

ஆஸ்பத்திரிக்குச் சித்தப்பா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கொஞ்ச நேரம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு, “அவளுக்கு ஒண்ணும் சொல்லிவிடாதே. இருந்தப்ப வேணாம்னு போனவ, இப்ப எதுக்கு வரணும்?” என்றார்.

“சொல்லணும், சித்தப்பா.”

“நேத்து வரைக்கும் நீதானே அவளைக் கரிச்சுக் கொட்டின?”

“ஆமா,” என்று எழுந்தாள். “நான்தான்.”

வாசலுக்கு வந்து வக்கீலம்மாவுக்குப் போன் செய்தாள். வக்கீலம்மா விவரத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு, “நான் சொல்லிடறேன்மா. நீங்க அங்க இருங்க,” என்றார்.

“வேணாம்மா. நானே வர்றேன். நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்.”

சமரச மையத்தின் சிறிய அறை. வட்ட மேசை, நாலு நாற்காலி, ஒரு ஜாடித் தண்ணீர். தம்பி மனைவி முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தாள். கையில் இருபுறமும் எழுதிய ஒரு காகிதம். கதவில் அக்காவைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

“அவர் வரலையா? இன்னிக்குமா வரல? இதுக்கும் அக்காவையே அனுப்பிட்டாரா?”

“உக்காரும்மா.”

“எதுக்கு உக்காரணும்? ஒரு வாரமா எழுதி, அடிச்சு, திருப்பி எழுதி… என்ன பேசணும்னு தெரியாம நான்…”

அந்தக் குரல் அக்காவுக்குப் புதிதல்ல. நாலு வாரம் அது அவள் தொண்டையில்தான் இருந்தது.

“தம்பி போயிட்டான்மா,” என்றாள். “காலையில குளிக்கப் போனவன் விழுந்துட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.”

அவள் உட்கார்ந்தாள். காகிதத்தை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், இனி மடிக்க முடியாது என்கிற வரை மடித்தாள்.

“இங்க வர்றதுக்கா குளிக்கப் போனார்?”

“ஆமாம்மா. உன்னப் பார்க்கத்தான்.”

வராந்தாவில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அந்தச் சத்தம் அடங்கிய பிறகு அவள் கேட்டாள்.

“என்ன பேச வந்தார், அண்ணி?”

அண்ணி என்று கூப்பிட்டுப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. வக்கீலம்மா கதவருகே தரையைப் பார்த்து நின்றார். கட்சிக்காரர் சொன்னதை அவர் வெளியே சொல்ல முடியாது. அக்காவும் சொல்லாமல் விட்டிருக்கலாம். உன் மேல் உயிரையே வைத்திருந்தான் என்று அழகாக ஏதாவது சொல்லி, செத்துப்போனவனை நல்லவனாகவே அனுப்பி வைத்திருக்கலாம்.

“அன்னிக்கு போன் அடிச்சப்ப பார்த்தானாம். பார்த்துட்டுத்தான் எடுக்கல. தப்பு என்னுதுன்னு சொல்ல வந்தான்.”

பயந்துபோய்விட்டான், பாவம், வேலை நடந்த கட்டடத்துப் படியிலேயே இருட்டும் வரை உட்கார்ந்திருந்தான், உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை அவனுக்கு. அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் இருந்ததாக வீட்டுக்கு வந்து அவன் சொன்னதெல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

“அப்ப நான் நினைச்சது சரிதான்,” என்றாள் அவள் மெதுவாக. “எனக்கு ஒண்ணும் புத்தி கெட்டுப் போகல.”

“கெடல. நாங்கதான் அப்படிச் சொன்னோம். நான் சொன்னேன்.”

அப்போதுதான் அவள் உடைந்தாள். “இதை அன்னிக்கே சொல்லியிருந்தா என்னவாம்? முட்டாள்… சொல்லியிருந்தா என்னவாம்?” மேசையில் கவிழ்ந்த தலையை அக்கா தொடவில்லை. சுற்றி வந்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் தோளோடு தன் தோள் படும்படி உட்கார்ந்தாள். அக்காவுக்கும் கண்ணீர் வந்தது. வக்கீலம்மா ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் வழிவிட்டார். தம்பி மனைவி உள்ளே போய்த் தனியாக அரை மணி நேரம் அவனோடு இருந்தாள். வெளியே வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள்.

“மணி என்ன அண்ணி?”

“பன்னண்டரை.”

“பாப்பாவுக்கு ஒரு மணிக்கு ஸ்கூல் விட்டுடும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“எனக்கும் தெரியல. வா, போவோம்.”

மணி அடித்ததும் குழந்தைகள் கூட்டமாக வெளியே பாய்ந்தன. பாப்பா வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏழு வயது முகம் முழுக்கச் சிரிப்பு.

“அத்தை! ரெண்டு பேரும் சேர்ந்தா வந்தீங்க?”

“ஆமாண்டா கண்ணு.”

புத்தகப் பையை அம்மாவிடமும் தண்ணீர் பாட்டிலை அத்தையிடமும் கொடுத்துவிட்டு, நடுவில் புகுந்து இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள். வகுப்புக்குள் இன்றைக்கு ஒரு பூனை வந்துவிட்டதாம். டீச்சர் நாற்காலி மேல் ஏறிக்கொண்டாராம்.

“இருங்க, இருங்க, முதல்லேர்ந்து சொல்றேன்,” என்றாள்.

டாக்சிகள் நிற்கும் முனை வந்தது. பாப்பாவின் கதையில் பூனை அப்போதுதான் ஜன்னலில் ஏறியிருந்தது. இரண்டு பெண்களும் டாக்சிகள் பக்கம் திரும்பாமல், மதிலோர நிழலில், குழந்தையின் நடைக்கு ஈடாக நேரே நடந்துகொண்டிருந்தார்கள்.