சத்தம் போடாத மணி

கண்ணாடிக்காரர் வீட்டுக்குத் திருடன் வருகிறான் என்பதை நம்ப யாரும் தயாராக இல்லை. காரணம் எளிது. வீட்டில் எதுவும் திருட்டுப் போகவில்லை.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பிறர் கண்ணில் இருக்கும் குறையைக் கண்டுபிடித்தே பிழைப்பு நடத்துகிறவர் என்பதால், தன் கண்ணில் பட்டது பொய்யாக இருக்க முடியாது என்பது அவருடைய உறுதியான எண்ணம். காலையில் அவரும் மனைவியும் பூட்டிவிட்டுப் போகும்போது விறைப்பாக இருந்த படுக்கைவிரிப்பு மாலையில் கசங்கியிருந்தது. தலையணையில் வலித்தைலம் வாடை வந்தது. எல்லாவற்றையும்விட, படுக்கையறைச் சுவர்க்கடிகாரம் அடிக்கடி நின்றுபோனது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பேட்டரி இல்லை. மேசைமேல் பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

மனைவியிடம் சொன்னார். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நாளெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, யார் யாரோ தன்னைச் சுவரில் கொண்டுபோய் மோதப் பார்ப்பதைப் பொறுமையாகத் தடுத்துப் பழகியவள். சின்ன விஷயத்துக்கெல்லாம் பதறமாட்டாள்.

"பேட்டரியை எடுத்து மேசையில வச்சுட்டுப் போற திருடனா? அவன் வந்தா அப்படியே பாத்திரத்தையும் கழுவி வைக்கச் சொல்லுங்க" என்றாள்.

கண்ணாடிக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் இரண்டு வகை அலாரம் கொண்டுவந்து காட்டினான். ஒன்று, யாராவது காலடி வைத்தால் தெருவே அதிரும்படி ஊளையிடும். இன்னொன்று மூச்சே விடாது. கைப்பேசிக்கு மட்டும் கமுக்கமாகச் செய்தி அனுப்பும். ஊளையிடுவதுதான் நன்றாக விற்கிறது என்று எலக்ட்ரீஷியன் சொல்லிப் பார்த்தான். கண்ணாடிக்காரர் கேட்கவில்லை. சத்தம் கேட்டால் திருடன் ஓடிவிடுவான், ஓடிவிட்டால் அவனை மனைவிக்கு எப்படிக் காட்டுவது என்பது அவர் கவலை. கையும் களவுமாகப் பிடித்து, கூடத்தில் உட்கார வைத்து, "இதோ பார்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் இவ்வளவும் செய்தார்.

வாசல் மிதியடிக்குக் கீழே ஒரு மெல்லிய தகடு போட்டார்கள். படுக்கையறை அலமாரியின் தலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்தது. அறையில் எது அசைந்தாலும் அது பார்த்துவிடும் என்றான் எலக்ட்ரீஷியன். ஏனோ அவன் வேலை முடியும்வரை குசுகுசுவென்றே பேசினான். கண்ணாடிக்காரரும் குசுகுசுத்தார். ஆளில்லாத வீட்டில் இரண்டு பேரும் ரகசியம் பேசியபடி கம்பி இழுத்தார்கள்.

முதல் சில நாட்கள் படாதபாடு பட்டார். சன்னல் திரைச்சீலை காற்றில் ஆடினாலும் சட்டைப்பையில் கைப்பேசி துடித்தது. கடையில் ஒரு ஆசிரியைக்கு மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே போட்டுவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது அந்த அம்மாள் வில்லை மாட்டிய சட்டத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தேடிக்கொண்டிருந்தார்.

திரைச்சீலைகளைக் கயிறு போட்டுக் கட்டிவைத்த பிறகு கைப்பேசி அடங்கியது. பிறகு ஒரு பிற்பகல், சாப்பிட்டுக் கைகழுவும் நேரத்தில் மறுபடி துடித்தது. முதலில் மிதியடி. சற்றுப் பொறுத்துப் படுக்கையறை. காற்றுக்கு மிதியடி மிதிக்கத் தெரியாது.

ஆயுதம் என்று எடுத்துப்போகக் கடையில் எதுவும் இல்லை. கண் பரிசோதனைக்குச் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப்பலகைதான் கைக்குக் கிடைத்தது. அதை மார்புக்கு முன்னால் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு ஓடினார். தெருவில் எதிரே வந்தவர்களில் சிலர், பழக்க தோஷத்தால், மேலிருந்து கீழாக எழுத்துகளைப் படித்துவிட்டு வழிவிட்டார்கள்.

கதவைச் சத்தமில்லாமல் திறந்து உள்ளே போனவர் காதைத் தீட்டிக்கொண்டார். படுக்கையறையில் ரம்பம் போட்டு எதையோ அறுக்கிறார்கள். இழுக்கும் சத்தம், ஒரு நிறுத்தம், தள்ளும் சத்தம். இரும்பு அலமாரியைத்தான் அறுக்கிறான் என்று முடிவு கட்டிக்கொண்டு, பலகையை உயர்த்திப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தார்.

கண்ணைத் திறந்தபோது கட்டிலில் அவருடைய மாமனார் மல்லாந்து கிடந்தார். உடம்பில் கண்ணாடிக்காரரின் இரவு உடுப்பு. பக்கத்து மேசையில் ஒரு டம்ளர் தண்ணீரில் பல்செட்டு. அதன் அருகே கடிகாரப் பேட்டரி. ரம்பம் அவர் தொண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தோளைப் பிடித்து வெகுநேரம் உலுக்கிய பிறகு மாமனார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க. இன்னிக்குக் கடை இல்லையா?"

சொந்த வீட்டில் விருந்தாளியாக்கப்பட்ட கண்ணாடிக்காரர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மாமனார் பல்செட்டை மாட்டிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். பகலில் தூங்கினால் உடம்பு ஊதிவிடும் என்று மாமியார் கட்டிலைக் கண்ணிலேயே காட்டுவதில்லையாம். சாப்பிட்ட கையோடு நடந்துவிட்டு வா என்று வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவாராம். எப்போதோ மகளும் மருமகனும் ஊருக்குப் போனபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கொடுத்த சாவி சட்டைப்பையில் இருந்தது. கால் தானாக இங்கே வந்துவிட்டது. கடிகாரம் டிக் டிக்கென்று தூங்கவிடாததால்தான் பேட்டரியைக் கழற்றி வைத்தாராம்.

"நடக்காம இல்ல மாப்பிள்ளை. இது வரைக்கும் நடக்கத்தான் செய்றேன். அதுக்கு மேல முடியல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அத்தைக்கும் என் பொண்ணுக்கும் தெரிஞ்சா என்னை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுடுவாங்க. உங்களைத்தான் நம்பியிருக்கேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் அவரை நம்புவதாகச் சொன்னதே இல்லை. போன தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய பட்டாசு மாதிரி நமுத்துப்போன உறவு என்றுதான் அவர் நினைத்திருந்தார். நெஞ்சு இளகிவிட்டது. யாருக்கும் சொல்வதில்லை என்று கையடித்துக் கொடுத்தார். திருடனைப் பிடிக்கப் போனவர் திருடனுக்குக் கூட்டாளியாகத் திரும்பி வந்தார்.

வினை அங்கிருந்துதான் ஆரம்பித்தது. மருமகனே துணையிருக்கிறார் என்றதும் மாமனாருக்குக் குளிர் விட்டுப்போயிற்று. ஒருநாள் கட்டிலுக்கு அடியில் சாம்பல் நிறக் காலுறை ஒன்றை விட்டுவிட்டுப் போனார். வீடு பெருக்கும்போது மனைவி அதை விளக்குமாற்று நுனியில் தூக்கிக் காட்டி, உங்களுடையதா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். கண்ணாடிக்காரருக்கு வாய் முந்திக்கொண்டது. இல்லை என்று சொல்லிவிட்டார்.

அவள் முகம் மாறியதை அவர் பார்த்தார். இத்தனை நாள் நம்பாததற்காக அவரிடம் வருத்தம் தெரிவித்தாள். அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. காலுறையை வைத்து, திருடன் ஆள் எவ்வளவு உயரம் என்றுகூடக் கணித்துவிட்டாள். அன்று மாலையே எலக்ட்ரீஷியனை வரவழைத்து, அலாரச் செய்தி தன் கைப்பேசிக்கும் வரும்படி செய்துகொண்டாள்.

மாமனாரை எச்சரிக்க வேண்டுமே. அவருக்குக் கைப்பேசி கிடையாது. வீட்டுத் தொலைபேசியை எப்போதும் மாமியார்தான் எடுப்பார். கண்ணாடிக்காரர் சுற்றி வளைத்து, மாமாவுக்கு இனிமேல் நடை வேண்டாம், வெயில் கடுமையாக இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, நல்லது நடக்கறது உங்களுக்குப் பிடிக்கலையா? இப்பதான் மனுஷன் நடந்துட்டு வந்தா முகம் தெளிவா இருக்கு" என்றார் மாமியார். அந்தக் கோபத்தில் அன்றைக்குக் கணவருக்கு மோரைக்கூடக் குடிக்கவிடாமல் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வெளியே அனுப்பிவிட்டார்.

கண்ணாடிக்காரர் சட்டைப்பையில் கைப்பேசி துடித்தது. துடித்து ஓய்வதற்குள் மனைவியின் அழைப்பு வந்தது.

"வந்துட்டான். போலீஸுக்குச் சொல்லிட்டேன். நான் வீட்டுக்குப் போய்க்கிட்டிருக்கேன், நீங்களும் வாங்க."

அவர் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி ஓடினார். நல்லவேளையாக மனைவிக்கு ஒரு தடங்கல் இருந்தது. காரை அவள் ஓட்டவில்லை. பயிற்சிக்கு வந்த மருந்துக்கடைக்காரர் ஓட்டிக்கொண்டிருந்தார். மருந்தை அளந்து கொடுத்தே பழகிய கை. காரையும் சொட்டுச் சொட்டாகத்தான் நகர்த்தினார். நிறுத்துங்கள், நான் ஓட்டுகிறேன் என்று அவள் சொன்னதற்கு, இங்கே நிறுத்தக் கூடாது என்று பலகை இருக்கிறதே என்றார். பலகை இல்லாத இடம் வந்தபோது, நிறுத்துவது இன்னும் தனக்குச் சரியாக வரவில்லை என்றார்.

சந்தைத் தெருவில் கண்ணாடிக்காரர் அந்தக் காரை எட்டிப் பிடித்தார். கொஞ்ச தூரம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள். மனைவி சன்னலை இறக்கினாள்.

"ஏறிக்கோங்க."

"வேணாம்மா, எனக்கு அவசரம்" என்று சொல்லிவிட்டு அவர் காரை முந்திக்கொண்டு ஓடினார்.

மூச்சு வாங்க வீட்டுக்குள் நுழைந்தால் மாமனார் ஆழ்ந்த நித்திரையில் இருந்தார். கூப்பிட்டார், உலுக்கினார், முகத்தில் தண்ணீர் தெளித்தார். மாமனார் புரண்டு படுத்து, மழை வருது, துணியை எடு என்று முனகினார். அப்போதுதான் கண்ணாடிக்காரருக்கு அந்த ஊளையிடும் அலாரத்தின் அருமை தெரிந்தது. அதை மட்டும் வாங்கியிருந்தால் மனிதர் எப்போதோ எழுந்து ஓடியிருப்பார். தான் ஆசை ஆசையாக வாங்கி வைத்த பெட்டியோ, அலமாரி உச்சியில் உட்கார்ந்து, மாமனார் புரள்வதையெல்லாம் வாயைத் திறக்காமல் மனைவிக்கு ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

வாசலில் கார் வந்தது. நிற்காமல் பூந்தொட்டியில் இடித்து நின்றது. வேறு வழி தோன்றாமல் கண்ணாடிக்காரர் மாமனாரைக் கட்டித் தூக்கி, துணி அலமாரிக்குள் நிற்க வைத்து, தானும் உள்ளே நுழைந்து கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். கோட்டுகளுக்கு நடுவில் மாமனார் அவர் தோளில் தலையைச் சாய்த்தார். சாய்த்த தலையோடு, நின்றபடியே, ரம்பத்தை எடுத்துவிட்டார்.

மனைவி அறைக்குள் வந்து நின்றாள். அலமாரி குறட்டை விடுவதைச் சற்று நேரம் கேட்டாள். பிறகு நாற்காலியை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக்கொடுத்து, அதன்மேல் மருந்துக்கடைக்காரரை உட்கார வைத்தாள். உட்கார்ந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்றால் அவர் நகரமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

போலீஸ்காரம்மா வந்து நாற்காலியை விலக்கிக் கதவைத் திறந்தார். உள்ளே கண்ணாடிக்காரர், இடுப்பைச் சுற்றி மாமனாரைத் தாங்கிப் பிடித்தபடி, ஒரு கோட்டுத் தாங்கியைக் காதில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"இவங்களை உங்களுக்குத் தெரியுமா?" என்று போலீஸ்காரம்மா கேட்டார்.

மனைவி இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். "ஒருத்தர் எங்க அப்பா. இன்னொருத்தரைப் பத்தி இன்னும் முடிவு பண்ணல."

செய்தி போய் மாமியார் தலைவிரிகோலமாக ஓடிவந்தார். கூடத்தில் கணவரை உட்கார வைத்துப் பிடிபிடியென்று பிடித்தார். இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறாரே மனுஷன், நடக்கப் போகிறேன் என்று இங்கே வந்து கட்டையை நீட்டியிருக்கிறாரே என்று பொரிந்து தள்ளினார். அந்த வேகத்தில் வாய் குழறிவிட்டது.

"நான் நிம்மதியா ஒரு தூக்கம் போட்டு எழுந்து, பாவம் மனுஷன் வெயில்ல அலையறாரேன்னு..."

மாமனார் மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

"நீ தூங்கினியா?"

மாமியார் போலீஸ்காரம்மாவைப் பார்த்தார். இதெல்லாம் குடும்ப விஷயம் என்று சொல்லி அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த ரம்பச் சத்தத்தோடு பகலிலும் ஒரே அறையில் எப்படித் தூங்குவது, அதனால்தான் உடம்பு ஊதும் என்று ஒரு பொய் சொன்னேன் என்று கடைசியில் மாமியார் ஒப்புக்கொண்டார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளும் சிரித்தாள். கண்ணாடிக்காரர் மட்டும், தன் பக்கம் முடிவாகிவிட்டதா என்று தெரியாததால், எதற்கும் பாதியாகச் சிரித்து வைத்தார். அன்று இரவு மனைவி அவருக்குச் சோறு போட்டாள். முடிவாகிவிட்டது என்று தெரிந்துகொண்டார்.

அதன்பின் மாமனார் முறைப்படி அனுமதியோடு மகள் வீட்டில் வந்து படுத்தார். தனி விரிப்பு, தனித் தலையணை, கடிகாரத்தையே கழற்றிவிட்டார்கள். ஆனால் திருட்டுத்தனமாக வந்தபோது கண்ணைச் சுற்றிய தூக்கம், மரியாதையாக வந்தபோது கிட்டவே வரவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்துவிட்டுப் போனார். ஒருநாள் மகள் அவரை வீட்டில் கொண்டுவிடக் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் ஓட்டினார். அந்த ஆட்டமும் அசைவும் தொட்டில் மாதிரி இருந்திருக்க வேண்டும். தெருமுனை திரும்புவதற்குள் ரம்பம் ஓட ஆரம்பித்துவிட்டது.

இப்போது பிற்பகலில் அவருக்குப் பின்சீட்டுதான் படுக்கை. பயிற்சிக்கு வருகிறவர்கள் முதலில் மிரண்டார்கள். பிறகு, அந்தச் சத்தத்திலும் பதறாமல் ஓட்டப் பழகிக்கொண்டால் வேறெந்தச் சத்தமும் தங்களை ஒன்றும் செய்யாது என்று கண்டுகொண்டார்கள். மருந்துக்கடைக்காரருக்கோ அவர் இல்லாமல் கை ஓடவே இல்லை. ஓட்டுநர் தேர்வுக்கும் அவரைப் பின்னால் படுக்கவைத்துப் போர்வை போர்த்தித்தான் கூட்டிப் போனார்.

தேர்வு அதிகாரி பின்னால் திரும்பியே பார்க்கவில்லை. காரை ஒரு சுற்று ஓட்டச் சொல்லிவிட்டு இறங்கினார். தேறிவிட்டீர்கள் என்று மருந்துக்கடைக்காரருக்குக் கைகொடுத்துவிட்டு, கூட வந்திருந்த கண்ணாடிக்காரர் மனைவியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்:

"வண்டி நல்லாதான் இருக்கு. சைலன்ஸரை மட்டும் மாத்திடுங்கம்மா."