அடியெடுத்துக் கொடுக்க ஓர் ஆள்

“பிறகு?” என்று கேட்டார் சந்தியாப்பிள்ளை வாத்தியார், கண்களைத் திறக்காமல்.

இது மூன்றாவது தடவை. பிறகு என்னவென்று மகன் எமிலியானுஸுக்குத் தெரியவில்லை. விசிறியை இன்னும் வேகமாக வீசினான்.

சாகுமுன், பாவங்களுக்கு மனம் வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைப் பிழையின்றிச் சொல்லி முடிக்க வேண்டும். வாத்தியாருக்கு மிச்சமிருந்த ஒரே அலுவல் அதுதான். நாற்பது வருடம் பாலையூற்றுப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வரியின் முதற்சொல்லையும் அவர் எடுத்துக்கொடுத்தார். மீதியைப் பிள்ளைகள் கத்தினார்கள். இப்போது மீதியெல்லாம் அவரிடம் இருந்தது. முதற்சொற்கள்தான் போய்விட்டன.

கேட்க ஆளில்லை. பங்குச் சுவாமியார், எமிலின் மனைவி உட்பட ஊரே மடுத் திருவிழாவுக்குப் போயிருந்தது. வீட்டில் செபப்புத்தகமும் கிடையாது; பார்த்துச் செபிப்பது வாத்தியாரைப் பொறுத்தவரை களவு.

எமில் படிக்காதவனல்ல. அரசாங்கம் பள்ளிக்கூடங்களை எடுத்தபோது திருச்சபை கொடுக்காமல் வைத்துக்கொண்ட சிலவற்றுக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் வேண்டுமென்று, மேற்றிராணியாரே அவனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அங்கே கடவுளைத் தவிர எல்லாவற்றுக்கும் ஒரு பேராசிரியர் இருந்தார். ‘ஞானோபதேச வகுப்பில் மனப்பாடத்தின் கேடுகள்’ என்று ஆய்வெழுதி, டிப்ளோமாவில் திறமைச் சித்தி பெற்று, ஒரு பிரதியைத் தகப்பனிடம் கொடுத்தான். அவர் முழுக்க வாசித்து, எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பிக் கொடுத்தார்.

சின்ன வயதில், வகுப்பில் அவனை அவர் ஒருநாளும் எழுப்பிக் கேட்டதுமில்லை. மகனைக் கேட்டால் பாரபட்சம் என்பார்களாம். கடைசி வாங்கில் வாயை மட்டும் அசைத்தே அவன் வகுப்பேறினான்.

ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நின்றது. இறங்குதுறையில் டிக்கட் கிழிக்கும் அப்துல் மஜீத், எமிலோடு படித்தவன். கடலுக்கு அந்தப் பக்கம் மூதூர்ச் சுவாமியாருக்குக் காலையில் ஆள் அனுப்பியவனும் அவன்தான்.

“லாஞ்சு இன்னும் வரல்ல, எமில். கடல் சரியில்ல.”

“பிறகு?” என்றார் வாத்தியார்.

“எதில நிக்கிறார்?”

“தெரிஞ்சா நான் சொல்லமாட்டனா?”

“டிப்ளோமா எல்லாம் எடுத்தனீ.”

“அதில இது இல்ல.”

ஞானோபதேச நேரத்தில் முஸ்லிம் பிள்ளைகளை வெளியே ஜன்னலடியில் இருத்துவது வழக்கம். ஐந்து வருடம் காதை மூட ஏலாமல் இருந்தவன் மஜீத். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, உள்ளே வராமல், நின்ற இடத்திலிருந்தே ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்தான்.

வாத்தியாரின் விரல் கட்டில் சட்டத்தில் தட்டியது. வரி முழுதாக வந்தது. அடுத்த சொல். அடுத்த தட்டு. குரல் மெலிந்ததே தவிர ஓரெழுத்தும் சறுக்கவில்லை. எமில் வீசுவதை மறந்திருந்தான்.

கடைசி வரிக்கு விரல் உயர்ந்தது. மஜீத் பேசவில்லை.

“சொல்லன்,” என்றான் எமில், மெல்ல.

“இதுக்கு மேல தெரியாதடா. இந்த இடத்திலதான் எப்பவும் மணி அடிக்கும். ஒண்டும் கேக்காது.”

மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குக் காத்திருப்பதுபோல வாத்தியார் காத்திருந்தார். உதடுகள் தயாராகத் திறந்திருந்தன. எமிலும் வாயைத் திறந்தான். கடைசி வாங்கில் செய்ததுபோல அசைத்துப் பார்த்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த விரல், தட்டாமலே, பாயில் சரிந்தது.

மஜீத் ஜன்னலடியில் குந்தினான். எமில் விசிறியை எடுத்து மறுபடி வீசத் தொடங்கினான், மெதுவாக, காற்று முகத்தில் படும்படி.