நன்றியுரைக்காரரின் சதவீதக் கணக்கு

மெத்தைக் கடையில் அவருக்கு நன்றியுரை என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கடையில் எது நடந்தாலும் கடைசியில் எழுந்து, தொண்டையைக் கனைத்து, முதலாளி தொடங்கி நாற்காலி போட்டவர் வரை ஒருவர் விடாமல் நன்றி சொல்ல அவரை விட்டால் ஆள் கிடையாது.

அப்படிப்பட்ட மனிதருக்குப் புதிய கிளைக்குப் பொறுப்பாளராக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. முதலாளிக்கோ பரீட்சைப் பைத்தியம். கேள்வித்தாளைத் தானே எழுதி, தானே திருத்தித்தான் ஆளை எடுப்பார். விலையை ஏற்றி இறக்குவதே கடையின் பிழைப்பு என்பதால் சதவீதக் கணக்குதான் வரும் என்று பேச்சு. ஆகவே நன்றியுரை மகளின் கணக்குப் புத்தகத்தோடு சமையலறை மேசையில் உட்கார்ந்தார். எதிரே மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“விலையை இருபது சதவீதம் குறைச்சு, அப்புறம் இருபது சதவீதம் ஏத்தினா என்ன ஆகும்? இதெல்லாம் ஒரு கேள்வியா? பழையபடி ஆயிடும்.”

மனைவி கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். “நாலு சதவீதம் குறையும்னு போட்டிருக்கே.”

“அச்சுப் பிழையா இருக்கும்.”

“எக்ஸ்னு வெச்சுப் போட்டுத்தான் பாருங்களேன்.”

போட்டார். இருபது குறைந்ததும் 0.8 எக்ஸ். அதில் இருபது ஏற்றினால் 0.96 எக்ஸ். அடித்துவிட்டு மறுபடி போட்டார். சனியன், அதேதான் வந்தது. நாலு படி இறங்கி நாலு படி ஏறினால் கிளம்பிய இடத்தில்தானே நிற்க வேண்டும்? நடுவில் ஒரு படியை எவன் பெயர்த்துக்கொண்டு போனான்?

“குறைச்சது பெரிய விலையில இருபது. ஏத்தினது சின்ன விலையில இருபது. ரெண்டும் எப்படிங்க ஒண்ணாகும்?” என்ற மனைவி, பாதி மடித்த சட்டையோடு அப்படியே நின்றாள். “என்னங்க... உங்க சம்பளம்?”

வியாபாரம் படுத்துக் கிடந்தபோது முதலாளி எல்லாருடைய சம்பளத்திலும் இருபது சதவீதம் வெட்டினார். வியாபாரம் எழுந்ததும் கூட்டம் போட்டு, வெட்டிய இருபதையும் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார். கைதட்டல் காதைப் பிளந்தது. நன்றியுரை சொன்னது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? மனிதர் குரல் தழுதழுக்கக் கால் மணி நேரம் பேசினார். ஆனால் இருபதாயிரம் வந்துகொண்டிருந்த வீட்டுக்கு அதன் பிறகு பத்தொன்பதாயிரத்து இருநூறுதான் வந்தது. மனைவி கேட்டபோதெல்லாம் “ஏதோ பிடித்தம்” என்று வாயை அடைத்துவிட்டார்.

மறுநாள் பரீட்சையில் கடைசிக் கேள்வியை அவர் இரண்டு முறை படித்தார். மெத்தை விலையை இருபது சதவீதம் குறைத்தால், பழைய விலைக்குக் கொண்டுவர எத்தனை சதவீதம் ஏற்ற வேண்டும்? விடை தெரிந்துதான் கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா? தெரிந்தவர் என்றால் அன்று எல்லார் தலையிலும் மிளகாய் அரைத்திருக்கிறார். தெரியாதவர் என்றால் இருபது என்று எழுதினால்தான் கிளை கிடைக்கும். ஒன்றும் பிடிபடவில்லை. எக்ஸ் போட்டார். இருபத்தைந்து வந்தது. அதையே எழுதிவிட்டார்.

முதலாளி அவர் கண்முன்னே திருத்தினார். எல்லாம் சரி. கடைசியில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

“கோட்டை விட்டுட்டியேய்யா! குறைச்சது இருபதுன்னா ஏத்துறதும் இருபதுதானே?”

“எனக்கும் அப்படித்தான் சார் தோணுது. ஆனா போட்டுப் பார்த்தா வர மாட்டேங்குது. என் சம்பளத்தையே வெச்சுப் பாருங்க.”

முதலாளி கால்குலேட்டரைத் தட்டினார். அது பழுது என்று சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்துத் தட்டினார். முகம் மாறியது. பாவம், இவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்று நன்றியுரைக்கு நிம்மதியாக இருந்தது. அதற்குள் முதலாளி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம். கிளை உனக்குத்தான். உன் சம்பளத்தை மட்டும் சரி பண்ணிடறேன்.”

ஆசைப்பட்டது கைக்கு வந்தும் சந்தோஷம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

“அன்னிக்கு எல்லாருக்கும் சேர்த்து நன்றி சொன்னவன் நான் சார். எல்லாருக்கும் சரி பண்ணுங்க.”

“அப்போ கிளையை மறந்துடு.”

நன்றியுரை கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். முடிவு தெரியக் காத்திருந்த கடை ஆட்களிடம் விஷயத்தைச் சொன்னார். பாதியில் அவருக்கே குழப்பம் வந்து, முதலிலிருந்து தொடங்கினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“இறக்கினது இருபது, ஏத்தினது இருபது. இதுல என்னண்ணே கணக்கு?” என்றார் வண்டி ஓட்டுநர்.

ஒருவேளை வீணாகத்தான் கிளையைத் தொலைத்துவிட்டோமோ என்று நன்றியுரைக்குப் பகீரென்றது. “சரி, வெட்டுக்கு முன்னாடி உன் சம்பளம் எவ்வளவு?”

“பதினஞ்சாயிரம்.”

“இப்போ?”

“பதினாலாயிரத்து நானூறு. மிச்சம் ஏதோ பிடித்தம்ணே,” என்றார் ஓட்டுநர். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.