மகள் பெயரில் ஒரு கார்டு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்க்கிற ரகம். கிரெடிட் கார்டின் பின்பக்கத்து மூன்று இலக்க எண்ணை மனப்பாடம் செய்துவிட்டு, அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பார். ஓடிபி வந்தால் என்னிடமிருந்தே போனை மறைப்பார். "கட்டின பொண்டாட்டி என்ன திருடியா?" என்று கேட்டால், "பழக்கம் கெட்டுடக் கூடாது" என்பார்.

இவ்வளவு உஷாரான மனிதர், மகளுக்காகத் தன் கணக்கில் வாங்கிக் கொடுத்த கூடுதல் கார்டை மட்டும் ரத்து செய்யவே இல்லை. அவளே தேடிக்கொண்ட கல்யாணம் என்று நாங்கள் முறுக்கிக்கொண்டு போகாமல் இருந்தோம். அதன்பிறகு அவள் எங்களைக் கூப்பிடவில்லை. எங்களுக்கும் வீம்பு. "அந்தக் கார்டு இன்னும் எதுக்கு?" என்று நான் கேட்கும்போதெல்லாம், "இருந்துட்டுப் போகட்டுமே" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தக் கார்டில் பொருள் வாங்கியதாக அவர் போனுக்கு மெசேஜ் வந்தது. ஆன்லைனில் குழந்தைத் துணி விற்கும் கடை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு ஓடிவந்து காட்டினார்.

"தாத்தா ஆயிட்டேன் போலிருக்கே!"

"போன் பண்ணிக் கேளுங்களேன்."

"அவளா சொல்லுவா. நமக்குத் தெரியணும்னுதானே நம்ம கார்டுல வாங்கியிருக்கா."

அந்த வாரம் முழுக்க அவர் கால் தரையில் படவில்லை. நான் மட்டும் என்ன ஒழுங்கு? அவளுக்கு யார் ஒத்தாசை செய்கிறார்களோ, குழந்தையை யார் குளிப்பாட்டுகிறார்களோ என்று தவித்துக் கிடந்தேன்.

சனிக்கிழமை அதே கார்டில் ஒரு டிவியும் அடுத்தடுத்து மூன்று போன்களும் வாங்கியதாக மெசேஜ் வந்தது. அவர் முகம் செத்துவிட்டது. உடனே பேங்குக்குப் போன் போட்டார்.

"திருட்டுதான் சார். வெளிநாட்டு சைட்ல வாங்கினா ஓடிபி கேட்காது. கார்டு வேலை செய்யுதான்னு முதல்ல சின்னதா எதையாவது வாங்கிப் பார்ப்பாங்க," என்ற பேங்க் பெண், கார்டை முடக்கினாள். "எதுக்கும் உங்க மகள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

இனி கேட்காமல் முடியாது. ஸ்பீக்கரில் போட்டு மகளை அழைத்தார்.

"அப்பா?"

அந்தக் குரலுக்கு எவ்வளவு ஏங்கிப் போயிருந்தேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் விஷயத்தைச் சொன்னார்.

"அந்தக் கார்டை அப்பவே வெட்டிப் போட்டுட்டேனேப்பா. ஏதாவது பழைய சைட்ல நம்பர் சேவ் ஆகி இருந்திருக்கும்."

"அப்ப அந்தக் குழந்தைத் துணி..."

"நான் வாங்கலப்பா."

"சரி சரி. சும்மா கேட்டேன்."

இல்லாத பேரக்குழந்தையை அந்த ஒரு வார்த்தையில் பறிகொடுத்தோம். போனை வைக்க வேண்டிய இடம் அது. அவர் வைக்கவில்லை.

"எந்த சைட்லயும் கார்டு நம்பரை விட்டு வைக்காதேம்மா," என்று ஆரம்பித்தார். "லிங்க் அனுப்பினா தொடாதே, கடை பேரை நீயே டைப் பண்ணு. கண்ட இடத்து வைஃபையில பணம் கட்டாதே. லிமிட்டைக் குறைச்சு வெச்சுக்கோ."

பேச்சை நிறுத்தினால் அவள் வைத்துவிடுவாள் என்று அவருக்குப் பயம். எனக்கும்தான். அவள் ஒவ்வொன்றுக்கும் "உம்" கொட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சரக்கு தீர்ந்துவிட்டது. "அவ்வளவுதாம்மா," என்றார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஒண்ணுமே புரியலப்பா," என்றாள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள். "முதல்லேர்ந்து சொல்லுங்க."