கார்த்திகையில் உப்பு வாரிய கதை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. இப்போதே சொல்லிவிடுகிறேன், போகப் போக எனக்குத் தைரியம் குறைந்துவிடும்.

2

‘புயல் கரையைக் கடந்த காலையில், மரக்காணம் உப்பளத்தில் சுலோசனா—’

[வேண்டாம். இப்படி ஆரம்பித்துத்தான் மாட்டிக்கொண்டேன்.]

நடந்தது இதுதான். கார்த்திகைப் புயலில் உப்பளத் தொழிலாளி சுலோசனாவின் வீட்டுக் கூரை போய்விட்டது. அவரைப் படம் எடுத்து முகநூலில் எழுதினேன். கூரை போனது மட்டும் போதாதென்று தோன்றியது. ‘உப்பு வாரிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்த பலகையைக் காற்று பிடுங்கிக்கொண்டது’ என்று ஒரு வரி சேர்த்தேன். நல்ல வரி. இன்னும் பிடித்திருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

எவனோ அந்தப் பதிவை என் பெயரை மட்டும் நீக்கிவிட்டு அப்படியே எடுத்து, உதவி அனுப்ப வேண்டிய எண் என்று தன் எண்ணைப் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டான். பலர் அனுப்பினார்கள். சுலோசனாவுக்கு ஒரு பைசா வரவில்லை.

3

கடைத்தெருவில் தார்ப்பாய் விற்கும் அஹமது கபீருக்கும் அந்த வாட்ஸ்அப் செய்தி வந்து சேர்ந்தது. புயல் நிவாரணத்துக்கு ஜமாஅத் திரட்டிய பணம் அவர் பொறுப்பில் இருந்தது. சுலோசனாவின் கூரைக்கென்று அதில் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தார். பதிவைப் படித்ததும் கொடுப்பதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கடைக்குப் போய்க் கேட்டேன்.

“கார்த்திகையில எவன் சார் உப்பு வார்றான்? பாத்தியெல்லாம் மழத்தண்ணி நிக்குது. இது ஊரு நம்பிக் குடுத்த அமானத்து. பொய் சொல்றவங்களுக்கு எடுத்துக் குடுக்க முடியாதுங்க.”

மோசடிக்காரனிடமிருந்து ஜமாஅத் பணத்தைக் காப்பாற்றியது என் பொய்தான் என்று கொஞ்சம் பெருமைப்பட்டேன். (அரை நிமிடம்தான்.) பொய் சொன்னது யார் என்று கேட்டேன். சுலோசனாதான் என்றார், அந்த எண்ணும் அவருக்கு வேண்டியவர்களுடையதாக இருக்கும் என்று தெருவே பேசுகிறதாம்.

நான் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

4

‘சுலோசனா அழுதார்’ என்று எழுதி அடித்துவிட்டேன். நான் வீட்டுக்குப் போனபோது அவர் அழவில்லை. என்னை உட்காரவும் சொல்லவில்லை. தலைக்கு மேல் கிழிந்த பாலித்தீன் படபடத்தது.

“கூரைய எப்படியாவது போட்டுக்குவேன் சார். தெருவுல எவளும் எங்கிட்ட பேச மாட்டேங்குறா. அது நீங்க சொன்ன பொய்யின்னு உங்க பேரப் போட்டு சொல்லுங்க.”

5

முடிவுகள்.

அ. கபீர் இதைப் படிக்கிறார், கூரை வருகிறது, தெரு மறுபடி சுலோசனாவிடம் பேசுகிறது. [எனக்கு வசதியான முடிவு.]

ஆ. கபீர் படிக்கிறார். கதைதானே என்று மடித்து வைக்கிறார். ஒருமுறை சேர்த்து எழுதியவன் இப்போது மட்டும் சேர்க்காமலா—

உண்மையில், இதை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் அந்தக் கடைக்கு நடந்தே போயிருக்கலாம். பத்து நிமிட நடை. மூன்று நாளாக வாக்கியங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

இதையும் யாராவது எடுத்து, கீழே ஓர் எண் போட்டு உங்களுக்கு அனுப்பினால் எதுவும் அனுப்பாதீர்கள். மரக்காணத்துக்கு வாருங்கள். தார்ப்பாய்க் கடையில் கேளுங்கள், அந்த எழுத்தாளர் வந்தாரா என்று. நான் போனதாக எழுதினால் நம்பாதீர்கள்.