சுவரில் மாட்டிய கை

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னது கதாநாயகியின் நாத்தனார். (சொன்னதென்ன, "எழுதினா ஒழுங்கா எழுதுங்க" என்று மிரட்டித்தான் ஒப்படைத்தாள்.) பிழைக்க வந்த நாட்டில், கதாநாயகி ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். கணவன் சரக்கு வண்டி ஓட்டுகிறான். நான் இப்படி ஆரம்பித்தேன்:

அந்நிய மண்ணின் துயரமெல்லாம் அவள் கண்களில் தேங்கி

வேண்டாம். அவள் அப்படிப்பட்ட ஆளே இல்லை. ஈரப் படுக்கை விரிப்பை உதறுகிற நேரத்தில்கூடச் சுற்றி நிற்பவர்களைச் சிரிக்க வைத்துவிடுவாள்.

2

புலம்பெயர்ந்தவர்களின் வாழ்க்கையைப் படங்களாலேயே சொல்ல விரும்பிய ஒரு புகைப்படக்காரி, குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டுக்கு வந்துபோனாள். அந்தப் படங்களின் கண்காட்சி திறந்த அன்று கணவன் மனைவி இருவரும் கல்யாணத்துக்குப் போவதுபோல் கிளம்பிப் போனார்கள்.

ஒரு படத்தின் முன்னால் மட்டும் கூட்டம் மொய்த்தது. எட்டிப் பார்த்தால், அவர்கள் வீட்டுச் சமையலறை. அவள் கண்ணை இறுக மூடி முகத்தைத் திருப்பியிருக்கிறாள். அவன் கை அவள் கன்னத்தருகே உயர்ந்து நிற்கிறது.

நடந்தது இதுதான்: சலவைக்கூடத்துப் பஞ்சுத் துகள் கண்ணில் விழுந்து உறுத்தியது. அவன் இமையைத் தூக்கி ஊதப்போனான். ஊதியதும், "எச்சில் தெறிக்குது, தள்ளுங்க!" என்றாள் அவள். படம் எடுத்தவளும் சேர்ந்து மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சுவரில் இல்லை.

"பாவம், எத்தனை வருஷமா அடி வாங்குறாளோ," என்றார் ஒருவர்.

"இவங்க ஆளுங்க அப்படித்தான்," என்றார் பக்கத்தில் நின்றவர்.

(இந்த இடத்தில் 'அவளுக்கு உலகமே இருண்டது' என்று எழுதி அடித்துவிட்டேன். இருளவில்லை. விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதுதான் கொடுமை.)

3

ஓர் அம்மாள் அவளை அடையாளம் கண்டு, முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"பயப்படாதீங்க. அவருக்குத் தெரியாம பாத்துக்கலாம். உங்களுக்குத் தங்க இடம் இருக்கு."

"யாருக்குத் தெரியாம?"

அம்மாளின் பார்வை போன இடத்தில், இவளுக்கும் சேர்த்து இரண்டு கையிலும் பழச்சாறு ஏந்தியபடி அவள் கணவன் நின்றிருந்தான். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, தூசிங்க! கண்ணுல தூசி விழுந்துச்சு!"

அம்மாள் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "எல்லாரும் முதல்ல இப்படித்தாம்மா சொல்லுவாங்க."

அவள் புகைப்படக்காரியிடம் ஓடினாள். "நீயும் அங்கதானே இருந்தே? சேந்து சிரிச்சியே! கீழ ஒரு வரி எழுது. தூசின்னு போடு."

"நான் எதுவுமே எழுதலையேக்கா. பாக்குறவங்களுக்குத் தோணுறதை அவங்க பாக்குறாங்க. வரி போட்டா படம் செத்துடும்."

"அப்ப இந்த மனுஷன்?"



4

முடிவுக்கு வருவோம். அவள் படத்தைப் பிடுங்கி எறிந்ததாக ஒரு முடிவு எழுதினேன். எழுதும்போது எனக்கே ஜோராக இருந்தது. "அப்படி எதுவும் நடக்கல," என்றாள் நாத்தனார்.

நடந்தது பேருந்தில். அவள் சன்னலோரம் நகர்ந்து அவனுக்கு இடம்விட்டாள். அவன் வரவில்லை. கதவருகே நின்றுகொண்டான். இரண்டு கையும் கோட்டுப் பைக்குள். வண்டி குலுங்கியபோதும் கம்பியைப் பிடிக்கவில்லை.

"வந்து உக்காருங்களேன்."

"வேணாம். ஆளுங்க பாக்குறாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. எழுந்து போனாள். பைக்குள் கைவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவன் விடுவித்துக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை. அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. பேச்சு நின்று, பேருந்தே திரும்பிப் பார்த்தது.

இதற்குமேல் நாத்தனாருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கீழே ஒரு வரி போட்டால் போதும்.

போடப் போவதில்லை. நீங்களும் அதே பேருந்தில்தான் இருக்கிறீர்கள். உங்கள் இருக்கையிலிருந்து என்ன தெரிகிறது?